பழைய எம்.டி.பி. சைக்கிளுக்குப் புதிய பாகங்கள்: வாங்கும் முன் அளக்க வேண்டியவை

பெங்களூரில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்திற்குப் போனாலும், தூண்களுக்கு இடையில் தூசி படிந்து, காற்றிறங்கிய டயர் தரையோடு ஒட்டிப்போன நிலையில் நாலைந்து கியர் சைக்கிள்களாவது சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். அவற்றில் பல, 26 அங்குலச் சக்கரமும், முன்னால் மூன்று பல்சக்கரமும், பின்னால் ஏழோ எட்டோ பல்சக்கரமும் கொண்ட பழைய எம்.டி.பி. (மவுன்டன் பைக்) வண்டிகள், நந்தி மலைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்வரும் ஆசையில் வாங்கப்பட்டு, இரண்டு மூன்று முறை போய்வந்தபின் மறக்கப்பட்டவை. அல்சூரில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் அப்படி நின்றிருந்தவற்றில் ஒன்று என்னுடையது. 2009-இல் வாங்கிய அலுமினிய ஃபிரேம், 21 கியர், ரிம்மை இரண்டு கட்டைகளால் கவ்வும் வி-பிரேக். விற்றால் பழைய இரும்புக்காரர் தரும் விலைதான் தேறும் என்ற நிலையில், இன்றைய பாகங்களைப் பொருத்தி ஓட்டிப் பார்ப்பதென்று முடிவு செய்து, கடந்த மழைக்காலத்தின் வார இறுதிகளை அதற்கே செலவிட்டேன். அந்த வேலையில் கற்றதையும், பணத்தை விட்டுக் கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

இதைப் பாகம் வாங்கும் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் இது அளவெடுக்கும் வேலை. கடந்த பதினைந்து ஆண்டுகளில் எம்.டி.பி. சைக்கிள்களில் சக்கரத்தின் விட்டம், அச்சின் அகலம், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் தண்டு, ஹேண்டில்பாரின் தடிமன் ஆகிய எல்லாமே மாறிவிட்டன. ஃபிரேம் மட்டும் தான் பிறந்த ஆண்டின் அளவுகளோடு அப்படியே இருக்கிறது. எந்தப் பாகம் நல்லது என்பதைவிட, எந்தப் பாகத்தை இந்த ஃபிரேம் ஏற்கும் என்பதே முதல் கேள்வி.

அளவெடுப்பதற்கும் முன்னால், ஃபிரேம் செலவுக்குத் தகுதியானதா என்று பார்த்துவிட வேண்டும். ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் வெல்டிங் இணைப்புகள் ஒவ்வொன்றையும் பாருங்கள். ஹேண்டில்பார் இறங்கும் தலைக்குழாயின் அடிப்பக்கம், பெடல் அச்சு ஓடும் பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றிய பகுதி, சீட் குழாயின் வாய், பின்சக்கர அச்சு உட்காரும் பிளவுகள் ஆகிய இடங்களில் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருந்தால் அது பெயின்ட்டின் வெடிப்பா, உலோகத்தின் விரிசலா என்று சுரண்டிப் பார்க்க வேண்டும். அலுமினியத்தில் விரிசல் கண்டால் அந்த ஃபிரேமுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவிட வேண்டாம். அடுத்து, சீட் போஸ்ட் கழல்கிறதா என்று பாருங்கள். பத்து ஆண்டுகள் ஒரே உயரத்தில் நின்ற போஸ்ட் குழாயோடு இறுகிப்போயிருக்கும். ஊடுருவும் எண்ணெயை விட்டு ஓரிரவு வைத்து, போஸ்ட்டை மெல்லத் திருகித் திருகித்தான் எடுக்க வேண்டும், சுத்தியலை எடுக்கக் கூடாது. கடைசியாக, செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் பின் டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர். அது கழற்றக்கூடிய தனித் துண்டாக இருந்தால் நல்லது. விலை குறைந்த பழைய வண்டிகள் சிலவற்றில் ஹேங்கரே இருக்காது. டீரெய்லரோடு சேர்ந்த ஒரு தகடு அச்சில் மாட்டப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட ஃபிரேமில் இன்றைய அகலமான கேசட்டுக்கான (பின் பல்சக்கர அடுக்குக்கான) டீரெய்லரைப் பொருத்த முயல்வது வீண்.

அளவெடுக்க வேண்டியவை

இதற்கு ஒரு வெர்னியர் காலிப்பர் கட்டாயம் தேவை. எஸ்.பி. ரோட்டில் எலக்ட்ரானிக் பொருள்களோடு கருவிகளும் விற்கும் கடைகளில் சாதாரணமான ஒன்றை வாங்கினாலே போதும். எடுக்கும் அளவுகளை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் “இதுதான் சார் எல்லா வண்டிக்கும் போகும்” என்று சொல்லும்போது அந்தத் தாள்தான் உங்களைக் காப்பாற்றும்.

பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஃபிரேமின் இரண்டு பிளவுகளின் உட்பக்கங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்தால் பழைய எம்.டி.பி.யில் பெரும்பாலும் 135 மி.மீ. வரும். இன்று புதிதாக விற்கும் நல்ல எம்.டி.பி. சக்கரங்கள் பூஸ்ட் எனப்படும் 148 மி.மீ. அகலத்தில், ஃபிரேமின் துளைகளுக்குள் நுழையும் 12 மி.மீ. தடிமனுள்ள அச்சோடு வருகின்றன. அவை இந்த ஃபிரேமில் நுழையாது. எஃகு ஃபிரேமாக இருந்தால் சில மில்லிமீட்டர் விரித்துக் கொடுக்கலாம். அலுமினியத்தை விரிக்கவே கூடாது. முன்பக்கத்தில் பழைய அளவு 100 மி.மீ., இன்றைய பூஸ்ட் அளவு 110 மி.மீ. ஆகவே நமக்கு வேண்டியது 135-க்கும் 100-க்கும் உரிய, குவிக் ரிலீஸ் அச்சுள்ள (கருவியின்றி நெம்புகோலால் கழலும்) ஹப்புகள், அதாவது சக்கரத்தின் நடுப்பாகங்கள்.

சக்கரத்தைப் பொறுத்தவரை, 26 அங்குலம் என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். நம் நாட்டில் அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ரிம் அளவுகள் புழங்குகின்றன. டயரின் பக்கவாட்டில் 54-559 என்பதுபோல் இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அதில் 559 என்பதே எம்.டி.பி.யின் 26 அங்குல ரிம்மின் விட்டம், மில்லிமீட்டரில். 590 என்று இருந்தால் அது சாதாரணச் சைக்கிளின் 26 × 1⅜ டயர். அது நம் ரிம்மில் உட்காராது. 27.5 அங்குலம் என்று புதிய பெயரில் வந்தது 584 மி.மீ., அதாவது பிரெஞ்சுக்காரர்கள் 650பி என்று நெடுங்காலமாக அழைத்துவந்த அதே பழைய அளவு. 29 அங்குலம் 622 மி.மீ. பழைய ஃபிரேமில் 27.5 சக்கரத்தைத் திணிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஆரம் 12.5 மி.மீ. கூடுவதால் வி-பிரேக்கின் கட்டை ரிம்மை எட்டாது. டிஸ்க் பிரேக் இருந்தாலும் ஒல்லியான டயர்தான் நுழையும். அகலமான டயர் போடுவதற்காகத்தானே இந்த வேலையையே தொடங்குகிறோம்? 26-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

தலைக்குழாயின் உள்விட்டம் பழைய வண்டிகளில் பெரும்பாலும் 34 மி.மீ.; அதில் 1⅛ அங்குல நேரான தண்டு கொண்ட ஃபோர்க்தான் போகும். பாட்டம் பிராக்கெட் கூட்டின் அகலம் 68 அல்லது 73 மி.மீ. சீட் போஸ்ட்டின் தடிமன் அதன் அடிப்பகுதியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், 27.2, 30.9, 31.6 என்பவை பரவலானவை, ஆனால் 26.8 போன்ற விசித்திரமான அளவுகளும் பழைய ஃபிரேம்களில் உண்டு. எந்த அளவானாலும் பொறித்திருப்பதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், 0.4 மி.மீ. குறைந்தாலும் போஸ்ட் சறுக்கி இறங்கிக்கொண்டே இருக்கும்.

தலைக்குழாயை அளக்காமல் விட்டதற்கு நான் கொடுத்த விலையையும் சொல்லிவிடுகிறேன். தள்ளுபடியில் கிடைத்தது என்று 100 மி.மீ. அசைவுள்ள ஒரு புதிய ஏர் ஃபோர்க்கை (காற்றழுத்த ஃபோர்க்கை) வாங்கி வந்து, பழையதைக் கழற்றி, தலைக்குழாயின் பேரிங்குகளான ஹெட்செட்டையும் துடைத்து வைத்தபிறகுதான் பெட்டியைப் பிரித்தேன். ஃபோர்க்கின் தண்டு மேலே ஒல்லியாகவும் கீழே 1½ அங்குலத் தடிமனாகவும் இருந்தது. 38 மி.மீ. தண்டு 34 மி.மீ. குழாய்க்குள் எப்படிப் போகும்? பெட்டி பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று கடையில் சொல்லிவிட்டார்கள். தலைக்குழாயின் உள்விட்டம் 44 மி.மீ. ஆக இருந்திருந்தால் வெளிக்கோப்பை வைத்த ஹெட்செட் ஒன்றைப் போட்டு அதைப் பொருத்தியிருக்கலாம். 34-க்கு வழியே இல்லை. அந்த ஃபோர்க் இன்னும் என் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

முதலில் மாற்ற வேண்டியவை

கையும் தரையும் தொடும் இடங்களிலிருந்து தொடங்குங்கள். செலவு குறைவு, வித்தியாசம் முதல் நாளே தெரியும். என் வண்டியில் 1.95 அங்குல டயரை இறுக்கமாகக் காற்றடித்து ஓட்டுவதே பழக்கமாக இருந்தது. அதை எடுத்துவிட்டு 2.25 அங்குல டயரைப் போட்டு, காற்றை 32 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்தபோது, அதே சாலைப் பள்ளங்கள் பாதியாகக் குறைந்துவிட்டதுபோல் இருந்தது. என் எடை 70 கிலோ. அதிக எடை உள்ளவர்கள் இன்னும் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி இரட்டைத் துளை விழும். வாங்குவதற்கு முன், பழைய டயருக்கும் ஃபிரேமின் குழாய்களுக்கும் இடையில் இரண்டு பக்கமும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து, புதிய டயர் போட்ட பின்னும் குறைந்தது 5 மி.மீ. மிஞ்சுமா என்று கணக்கிட வேண்டும். மழைக்காலச் சேறு அந்த இடைவெளியில்தான் அடைக்கும்.

டியூப் இல்லாத முறைக்கு மாறலாமா என்ற கேள்வி உடனே வரும். பழைய ரிம்மில் அதற்கான உள்விளிம்பு இருக்காது. டேப்பை ஒட்டிச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள், நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். வளைவில் டயரின் ஓரம் விலகிக் காற்று சட்டென வெளியேறினால் விழுவது நாம்தான். பின்னால் சொல்லப்போவதுபோல் சக்கரத்தையே மாற்றுவதாக இருந்தால், டியூப்லெஸ் ரிம்மாகப் பார்த்து வாங்குங்கள்.

பழைய ஹேண்டில்பார் 580 மி.மீ. அகலம்தான், அதைப் பிடிக்கும் ஸ்டெம் 110 மி.மீ. நீளம். இன்றைய எம்.டி.பி.களில் 760, 780 மி.மீ. சாதாரணமாகிவிட்டது, ஸ்டெம் 50 மி.மீ. வரை குறுகிவிட்டது. அந்த அளவை அப்படியே எடுத்துப் பழைய ஃபிரேமில் மாட்டக் கூடாது. பழைய ஃபிரேமின் நீளமே குறைவு. அது நீண்ட ஸ்டெம்மை எதிர்பார்த்து வரையப்பட்டது. அதில் 50 மி.மீ. ஸ்டெம்மைப் போட்டால், உட்கார்ந்து ஓட்டும்போது முழங்கால் ஹேண்டில்பாரை நெருங்கிவிடும். நான் 720 மி.மீ. பாரும் 70 மி.மீ. ஸ்டெம்மும் வைத்திருக்கிறேன். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சிவாஜிநகர் பேருந்து நிலையத்தை ஒட்டி இரண்டு ஆட்டோக்களுக்கு நடுவே நுழைந்து பார்த்தவர்களுக்கு 780 மி.மீ. என்பதன் பொருள் புரியும். பழைய பாரின் நடுத்தடிமன் 25.4, இன்றையது 31.8 மி.மீ. என்பதால் பாரும் ஸ்டெம்மும் சேர்ந்தேதான் மாறும். பார் அகலமானால் கேபிள்களின் நீளமும் போதாமல் போகும். அவற்றையும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். பிரேக் கேபிளின் உறையும் கியர் கேபிளின் உறையும் ஒன்றல்ல. கியருக்கான 4 மி.மீ. உறைக்குள் கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன. பிரேக்கை அழுத்தும் விசையில் அது பிளந்துவிடும். கடையில் ஒன்று தீர்ந்துவிட்டது என்று மற்றதைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

கியர்

இந்த வேலையின் இதயம் இங்கேதான் இருக்கிறது, செலவின் பெரும்பகுதியும் இங்கேதான்.

முன்னால் மூன்று பல்சக்கரமும் பின்னால் ஏழும் கொண்ட வண்டியில் 21 கியர் என்று சொன்னாலும், ஒன்றோடொன்று மோதும் விகிதங்களையும், செயின் குறுக்காக ஓடுவதால் பயன்படுத்தக் கூடாதவற்றையும் கழித்தால் பதினொன்றோ பன்னிரண்டோதான் தேறும். என் வண்டியில் முன்னால் 42, 34, 24 பற்கள். பின்னால் 14 முதல் 28 வரை. மிகக் கனமான விகிதம் 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3.0, மிக இலகுவானது 24-ஐ 28-ஆல் வகுத்தால் 0.86. இப்போது முன்னால் 32 பற்கள் கொண்ட ஒரே சக்கரமும், பின்னால் 11 முதல் 48 பற்கள் வரை பத்துச் சக்கரங்களும் வைத்தால், மேல் விகிதம் 2.91, கீழ் விகிதம் 0.67. சமதளத்தில் ஏறக்குறைய எதையும் இழக்கவில்லை. நிமிடத்திற்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு சுமார் 29 கி.மீ. ஏற்றத்திலோ, 60 சுற்று மிதித்தபடி மணிக்கு 5 கி.மீ. வேகத்தில், நடப்பவரின் கதியில், இறங்காமல் ஏறலாம். முன் டீரெய்லர், இடக்கையில் கியர் மாற்றும் ஷிஃப்டர், அவற்றின் கேபிள், இரண்டு பல்சக்கரம் ஆகிய அனைத்தும் வண்டியிலிருந்து போய்விடுகின்றன.

இதற்கு ஒரு தடை உண்டு. பின்சக்கரத்தில் இருப்பது ஃப்ரீவீலா, கேசட்டா? ஃப்ரீவீல் என்பது பல்சக்கரங்களும் அவற்றைப் பின்னோக்கிச் சுழலவிடும் பொறியும் ஒரே துண்டாக ஹப்பின் மரையில் திருகப்படுவது. கேசட் முறையில் அந்தப் பொறி ஹப்பிலேயே இருக்கும், பல்சக்கரங்கள் மட்டும் தனியாகக் கழலும். இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நான் இணையத்தில் படங்களைப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருந்தபோது, ஸ்ரீராமபுரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒரே வரியில் தீர்த்துவைத்தார்: “பின்னாடி சுத்திப் பாருங்க தம்பி, கருவி மாட்டுற நடு வட்டம் நின்னா ஃப்ரீவீல், பல்லோட சேர்ந்து சுத்துனா கேசட்டு.” சுற்றினேன். நடு வட்டம் அசையாமல் நின்றது.

ஃப்ரீவீலைக் கழற்றியதும் அவர்தான். அதற்குரிய பல்வைத்த கருவியை மேசைப் பற்றிரும்பில் செங்குத்தாக இறுக்கி, சக்கரத்தை அதன்மேல் கவிழ்த்து உட்காரவைத்து, டயரை இரண்டு கையாலும் பிடித்து, பேருந்து ஓட்டுநர் இடப்பக்கம் வளைப்பதுபோல் ஒரே வீச்சாகத் திருப்பினார். பத்து ஆண்டுகளாக ஒவ்வொரு மிதியிலும் இறுகிக்கொண்டே வந்த மரை, ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. கையில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு இதை வீட்டில் முயல வேண்டாம். கருவி நழுவினால் ஃப்ரீவீலின் காடிகள் மழுங்கிவிடும், பிறகு அதை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஃப்ரீவீல் ஹப்பில் பெரிய கேசட்டைப் பொருத்த முடியாது. அகலமான விகிதம் வேண்டுமென்றால் ஹப் மாற வேண்டும், அதாவது பின்சக்கரமே மாற வேண்டும். செலவுக்கு அஞ்சுபவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு: 14 முதல் 34 பற்கள் வரை உள்ள ஏழு அடுக்கு ஃப்ரீவீலையும் புதிய செயினையும் மட்டும் போட்டால், இலகு விகிதம் 0.86-இலிருந்து 0.71-க்கு இறங்கிவிடும். இருக்கும் டீரெய்லர் 34 பல்லை ஏற்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். நகருக்குள் ஓட்டுபவர்களுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

சக்கரத்தை மாற்றுவது என்று முடிவெடுத்தால், 135 மி.மீ. குவிக் ரிலீஸ் அச்சு, ஷிமானோ நிறுவனத்தின் எச்.ஜி. வகைக் காடிகள் (கேசட் கோத்து உட்காரும் பள்ளங்கள்), டிஸ்க் பொருத்தும் இடம், கம்பிகளுக்கான 32 துளை ஆகிய நான்கும் உள்ள ஹப்பைத் தேடுங்கள். 26 அங்குலத்தில் தயாரான சக்கரம் கிடைப்பது அரிதாகி வருவதால், ஹப்பையும் ரிம்மையும் தனித்தனியே வாங்கிக் கம்பி கோக்கச் சொல்வதே நடைமுறை. ஹப்பும் ரிம்மும் கைக்கு வந்தபின் அளந்து கம்பியின் நீளத்தைக் கணக்கிட வேண்டும்; முன்னதாக உத்தேசமாக வாங்கினால் 2 மி.மீ. பிழைகூட வேலையைக் கெடுக்கும். வி-பிரேக்கோடு தொடர்வதாக இருந்தால், கட்டை உரசுவதற்கான சமமான பக்கச்சுவர் உள்ள ரிம்தான் வேண்டும். டிஸ்க்குக்கு மட்டுமான ரிம்மில் அது இருக்காது.

எச்.ஜி. காடியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஷிமானோவின் 12 வேக (12 பல்சக்கரம் கொண்ட) எம்.டி.பி. கேசட்டுகள் மைக்ரோ ஸ்ப்லைன் என்ற வேறு வகைக் காடியைக் கேட்கின்றன. ஆனால் 11 முதல் 51 பற்கள் கொண்ட டியோர் 11 வேக கேசட், மைக்ரோஷிஃப்ட் நிறுவனத்தின் 10 வேக அட்வென்ட் எக்ஸ், எஸ்ராமின் என்.எக்ஸ். ஈகிள் 12 வேக கேசட் ஆகியவை பழைய எச்.ஜி. காடியிலேயே உட்காரும். நான் 10 வேகத்தைத் தேர்ந்தேன். 51 பல்லுக்கான டீரெய்லரின் கூண்டு நீளமானது. 26 அங்குலச் சக்கரத்தில் அச்சே தாழ்வாக இருப்பதால் அது தரைக்கு இன்னும் நெருங்கிவிடும். துரஹள்ளிக் காட்டுப் பக்கம் பாறை மீது வண்டியை ஏற்றி இறக்கிப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றாது. எதை வாங்கினாலும் ஷிஃப்டரும் டீரெய்லரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். ஒரு கிளிக்குக்கு இழுக்கப்படும் கேபிளின் நீளம் குடும்பத்திற்குக் குடும்பம் வேறுபடுவதால், பழைய ஏழு வேக ஷிஃப்டர் புதிய பத்து வேக டீரெய்லரோடு ஒருநாளும் ஒத்துப்போகாது. டீரெய்லரில் கிளட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். குலுக்கலில் செயின் துள்ளாமல் பிடித்துக்கொள்வது அதுதான்.

முன் பல்சக்கரம், தடித்த பல்லும் ஒல்லிப் பல்லும் மாறி மாறி வரும் நேரோ-வைடு வகையாக இருக்க வேண்டும். செயினின் உள்கண்ணியும் வெளிக்கண்ணியும் அகலத்தில் வேறுபடுவதால், ஒவ்வொரு பல்லும் தனக்குரிய கண்ணியை நிரப்பிப் பிடிக்கிறது. பெடல்களைத் தாங்கும் பழைய கிராங்கில் பல்சக்கரங்கள் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருந்தால், அடுத்தடுத்த இரண்டு போல்ட்டுகளின் மையங்களுக்கு இடையே அளந்து பாருங்கள். நான்கு கை கிராங்கில் 73.5 மி.மீ. வந்தால் அது பரவலான 104 மி.மீ. வட்டம், நடுச் சக்கரம் இருந்த இடத்தில் புதியதைப் போட்டுவிடலாம். ஒற்றைச் சக்கரத்திற்குக் குட்டையான போல்ட்டுகள் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. என் கிராங்கில் சக்கரங்கள் ஆணியடித்துச் சேர்க்கப்பட்டிருந்தன. கிராங்கையே மாற்ற வேண்டியதாயிற்று.

கிராங்கை மாற்றினால் பாட்டம் பிராக்கெட்டும் பெரும்பாலும் மாறும். இங்கே ஒரே ஒரு எச்சரிக்கை: செயின் இருக்கும் வலப்பக்கக் கோப்பையின் மரை இடஞ்சுழி, கழற்றுவதற்குக் கடிகார முள் திசையில் திருப்ப வேண்டும். இடப்பக்கம் வழக்கமான மரை. பெடல்களில் இது நேர் எதிர், இடப்பக்கப் பெடல்தான் இடஞ்சுழி மரை. இதை அறியாமல் பலம் கொண்ட மட்டும் தவறான திசையில் இறுக்குபவர்களால்தான் அலுமினியக் கூடுகளின் மரை வழிந்துபோகிறது. 24 மி.மீ. தண்டுள்ள இன்றைய ஷிமானோ கிராங்கை 68 மி.மீ. கூட்டில் போடும்போது 2.5 மி.மீ. வளையங்கள் வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று, 73 மி.மீ. கூட்டில் வலப்பக்கம் ஒன்று மட்டும். செயின் கோடு (ஃபிரேமின் நடுவிலிருந்து முன் பல்சக்கரத்தின் தூரம்) 52 மி.மீ. உள்ள கிராங்காக வாங்குங்கள், 55 மி.மீ. வேண்டாம், பெரிய பல்சக்கரத்துக்கு மாறும்போது செயின் அதிகமாகச் சாயும்.

பாகங்களைப் பூட்டியபின் அமைக்கும் வரிசை முக்கியம். முதலில் ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று அதற்கான கருவியுள்ள கடையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு வண்டியில் அது நேராக இருந்தால்தான் வியப்பு. செயினை டீரெய்லருக்குள் நுழைக்காமல் முன் சக்கரத்தையும் பின்னால் மிகப் பெரிய சக்கரத்தையும் சுற்றி, முனைகள் சந்திக்கும் இடத்தைக் கண்டு, கையேடு சொல்லும் அளவு கண்ணிகளைக் கூட்டி வெட்டுங்கள். பிறகு கேபிளைக் கட்டாமலேயே, மிகச் சிறிய சக்கரத்தின் நேர்கீழே டீரெய்லரின் மேல்சக்கரப் பல் நிற்குமாறு டீரெய்லரில் உள்ள எச் (H) திருகை அமைத்து, டீரெய்லரைக் கையால் தள்ளி, பெரிய சக்கரத்தைத் தாண்டிக் கம்பிகளுக்குள் விழாதவாறு எல் (L) திருகை அமைக்க வேண்டும். அதற்குப் பின்னரே கேபிள். பெரிய பல்சக்கரத்துக்கும் டீரெய்லரின் மேல்சக்கரத்துக்கும் இடையிலான இடைவெளி பி (B) திருகில் கூடினால் கியர் மாற்றம் மந்தமாகும், குறைந்தால் பற்கள் உரசும்.

பிரேக்

ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் டிஸ்க் காலிப்பர் (வட்டைக் கவ்வும் பாகம்) பொருத்தும் காதுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வி-பிரேக்கோடு விற்கப்பட்ட பல பழைய ஃபிரேம்களில் பயன்படுத்தாத காதுகள் உண்டு. துளைகள் பக்கவாட்டில் அமைந்து 51 மி.மீ. இடைவெளியில் இருந்தால் அது ஐ.எஸ். வகை, மரையிட்ட துளைகள் சக்கரத்தின் போக்கிலேயே 74 மி.மீ. இடைவெளியில் இருந்தால் போஸ்ட் மவுண்ட். இன்றைய காலிப்பர்களில் பெரும்பாலானவை போஸ்ட் மவுண்ட் என்பதால், ஐ.எஸ். காதுக்கு இடைத்தகடு ஒன்று வேண்டும். அது 160 மி.மீ. வட்டுக்கா, 180-க்கா, முன்பக்கத்துக்கா, பின்பக்கத்துக்கா என்று பார்த்து வாங்க வேண்டும். காது இல்லாத அலுமினிய ஃபிரேமில் வெல்டிங் வைத்துக் காது ஒட்டித் தருவதாகச் சொல்பவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அந்தக் குழாய் அந்த விசையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. நல்ல கட்டையும் புதிய கேபிளும் போட்ட வி-பிரேக் உலர்ந்த சாலையில் எதற்கும் குறைந்ததல்ல.

எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வாங்கினால், ஷிமானோவுக்கு மினரல் ஆயில்தான். டாட் (DOT) எனப்படும் பிரேக் திரவத்தை அதில் ஊற்றினால் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும். முன் பிரேக் வலக்கையில் இருப்பது நம் ஊர்ப் பழக்கம். குழாய்கள் மாற்றிப் பொருத்தப்பட்ட பெட்டிகளும் விற்பனைக்கு வருவதால் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வட்டு இல்லாதபோது லீவரை அழுத்தாதீர்கள். வட்டின் பரப்பை விரலால் தொடக் கூடாது; தொட்டுவிட்டால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்கவும். காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே மாறி மாறி இறுக்கினால் பெரும்பாலும் நடுவில் நின்றுவிடும். பின்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து, வட்டின் இருபுறமும் வெளிச்சக் கோடு தெரிகிறதா என்று பார்த்தால் உரசல் எங்கே என்று தெரியும். புதிய கட்டைகள் முதல் நாள் பிடிக்காது. வெறிச்சோடிய தெருவில் மணிக்கு 20 கி.மீ. வேகத்திலிருந்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், இருபது முப்பது முறை மெதுவாக வேகத்தைக் குறைத்துப் பழக்க வேண்டும்.

ஃபோர்க், டிராப்பர்

இவை இரண்டையும் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இவை இல்லாமலேயே வண்டி ஓடும் என்பதுதான். 80 மி.மீ. அசைவுக்கு வரையப்பட்ட ஃபிரேமில் 100 மி.மீ. போடலாம், ஃபோர்க்கின் நீளம் 20 மி.மீ. கூடினால் தலைக்கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி சாய்ந்து, இறக்கத்தில் வண்டி நிதானமாகும். அதற்கு மேல் போனால் தலைக்குழாய் இணைப்பில் விழும் நெம்புவிசை ஃபிரேமுக்குக் கேடு. ஸ்பிரிங் துருப்பிடித்த பழைய ஃபோர்க்கை விட, அதே உயரமுள்ள அசையாத எஃகு ஃபோர்க் மேல் என்பது என் தீர்ப்பு. என் வண்டியில் இப்போது இருப்பது அதுதான், டிஸ்க் காதோடு. 27.2 மி.மீ. சீட் குழாய்க்கும், ஓட்டும்போதே சீட்டை இறக்கி ஏற்ற உதவும் டிராப்பர் போஸ்ட் கிடைக்கிறது. கேபிளை வெளிப்புறமாக ஓட்டும் வகையைக் கேளுங்கள், பழைய ஃபிரேமில் உள்ளே விட வழி இருக்காது.

இறுக்கும்போது டார்க் ரெஞ்ச் பயன்படுத்துங்கள். கேசட்டின் பூட்டு வளையம் 40 நியூட்டன் மீட்டர், ஸ்டெம் போல்ட்டுகள் 5 அல்லது 6, ஷிமானோ கிராங்கின் பக்கப் போல்ட்டுகள் 12 முதல் 14, ஆறு போல்ட் வட்டுக்கு 2 முதல் 4. சீட் போஸ்ட்டிலும் பெடல் மரையிலும் கிரீஸ் பூசாமல் எதையும் பூட்டாதீர்கள்.

முதல் 50 கி.மீ. ஓட்டியதும் வண்டியை மறுபடி நிறுத்திப் பார்க்க வேண்டும். புதிய கேபிளின் உறை முனைகள் அமர்ந்து, கியர் ஒரு பல் தயங்கும். ஷிஃப்டரில் உள்ள திருகை அரைச்சுற்று வெளிநோக்கித் திருப்பினால் சரியாகிவிடும். புதிதாகக் கோத்த கம்பிகளில் இரண்டோ மூன்றோ தளர்ந்திருக்கும். சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் கம்பிகளின் மேல் ஒரு குச்சியை இலேசாகத் தொடவிட்டால், தளர்ந்த கம்பி வரும்போது ஒலி மந்தமாகும். அந்தக் கம்பியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கோத்தவரிடமே எடுத்துச் செல்லுங்கள். ஸ்ரீராமபுரத்துப் பெரியவர் என் சக்கரத்தில் மூன்று கோடுகளையும் பார்த்துவிட்டு, நான் குறிக்காத நான்காவது ஒன்றையும் சேர்த்துத் திருகித் தந்தார்.